சாகசமா, மலையேற்றமா, கானுலாவா?
வாசகர் கேள்வி – பதில்

கல்லூரி நோட்டீஸ், சுற்றுலா விளம்பரம், செய்தித் தலைப்பு என எங்கு பார்த்தாலும் 'சாகசப் பயணம்'தானா என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. பயணத்துக்கு நம்மிடம் இருக்கும் சொற்களையும், அந்தச் சொல்லை நம்பிக் கிளம்புகிறவர் எதற்குத் தயாராக வேண்டும் என்பதையும் இந்த முறை சேர்த்தே எடுத்துக்கொண்டோம். சொல் பற்றிய பதில்கள் தமிழாசிரியர்களுடையவை. தடம் பற்றியவை மலைக்குக் குழு கூட்டிப் போகிறவர்களுடையவை.

● "எங்க பையன் படிக்கற காலேஜ்ல வெள்ளியங்கிரி போறதுக்கு 'சாகசப் பயணம்'னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. எங்க அம்மாயி சாகசம்னா பாசாங்குன்னுதான் சொல்லும். 'அவ சாகசக்காரி, நம்பாதே'ம்பாங்க. எதுங்க சரி?" – வாசகி, பேரூர்

அம்மாயி சொல்வதும் சரி, நோட்டீஸ் எழுதியவர் நினைத்ததும் தவறில்லை. ஒரே சொல் நெடுந்தூரம் நடந்து வந்திருக்கிறது.

வடமொழியில் இது 'சாஹஸ'. வலிமை என்ற பொருளுள்ள 'ஸஹஸ்' என்பது அதன் அடி. பழைய நீதிநூல்களில் இது பாராட்டுச் சொல் அல்ல, குற்றத்தின் பெயர். மனுநூல் வழக்குகளைப் பதினெட்டு வகையாகப் பிரிக்கிறது; அதில் சாகசமும் ஒன்று. உடையவன் முன்னாலேயே வலுக்கட்டாயமாகப் பறித்தால் சாகசம், அவன் அறியாமல் எடுத்தால் திருட்டு என்று இரண்டையும் பிரித்துச் சொல்கிறது. தண்டத்தின் அளவுக்கும் இதே பெயர்தான்: 250 பணம் முதல் சாகசம், 500 நடுச் சாகசம், 1000 உயர்ந்த சாகசம். பிறகு 'முன்பின் பாராத துணிச்சல்' என்று பொருள் விரிந்தது. தமிழுக்கு வந்தபோது துணிச்சலோடு பாசாங்கும் ஒட்டிக்கொண்டது. பாசாங்குக்கும் ஒரு துணிச்சல் வேண்டும் அல்லவா?

இதைப் படித்துவிட்டு 'துணிகரம்' என்ற சொல்லையும் பாருங்கள். நல்ல தமிழ் என்று நினைத்துத் 'துணிகரப் பயணம்' என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் நாளிதழ்களில் அந்தச் சொல் எப்போதும் எதோடு வருகிறது? 'பட்டப்பகலில் துணிகரக் கொள்ளை', 'பூட்டை உடைத்துத் துணிகரத் திருட்டு'. சாகசம் விட்டுவந்த வேலையைத் துணிகரம் எடுத்துக்கொண்டது போலும். பயணத்தோடு அதைச் சேர்க்காமல் இருப்பது நல்லது.

இன்று சாகசம் என்றால் அபாயம் தெரிந்தும் விரும்பி இறங்குவது. முடிவு முன்கூட்டித் தெரியாதது. இந்த இரண்டும் இருந்தால் சொல்லைத் தாராளமாகப் போடலாம். தனியாளாகப் பாய்மரப் படகில் கடல் கடப்பது சாகசப் பயணம். யாரும் ஏறாத பாறை முகத்தில் புது வழி போடுவதும் அப்படியே. வெள்ளியங்கிரி கடுமையான ஏற்றம். முழங்காலைக் கேட்டால் அதுவே சொல்லும். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக ஏறித் தேய்ந்த தடம், வழியில் சுனைகள், முன்னும் பின்னும் ஆட்கள். மலையேற்றம் என்றோ மலை யாத்திரை என்றோ எழுதுவதுதான் பொருத்தம். நோட்டீஸில் சாகசம் என்று போட்டால் வேறொரு கேடும் உண்டு: பையன்கள் அதை நிரூபித்துக் காட்ட ஓடி ஏறுவார்கள். ஓடி ஏறியவன்தான் இறக்கத்தில் தொடை நடுங்கி உட்காருகிறான்.

● "சாகச பயணமா, சாகசப் பயணமா?" – கல்லூரி மாணவர், கோபி

சாகசப் பயணம். ஒற்று வரும். அதே வழியில் சாகசச் செயல், சாகசக் கதை, சாகசத் தொடர். வல்லினம் இல்லாத இடத்தில் ஒற்று இல்லை: சாகச வீரர், சாகச நிகழ்ச்சி, சாகச மனம். 'ஆன' சேர்ந்தால் சாகசமான பயணம். அங்கே ஒற்று மிகாது. 'சாகஸம்', 'சாஹசம்' என்ற எழுத்துகள் பழைய அச்சுகளில் உண்டு, இப்போது வேண்டியதில்லை. வினையைப் பொறுத்தவரை 'சாகசம் செய்தார்', 'சாகசப் பயணம் மேற்கொண்டார்' இரண்டும் பழகியவை. 'சாகசம் பண்ணினார்' என்று எழுதினால் பேரூர் அம்மாயியின் பொருள் வந்துவிடும்.

● "டாப்சிலிப்பில் வனத்துறை வேனில் உட்கார்ந்து போவதைச் சஃபாரி என்கிறார்கள். சஃபாரி ஆப்பிரிக்காவில் சிங்கம் பார்ப்பதுதானே? தமிழில் என்ன சொல்லலாம்?" – வாசகர், ஆனைமலை

சிங்கத்துக்கும் சஃபாரிக்கும் பிறவி உறவு கிடையாது. சுவாகிலி மொழியில் 'சஃபாரி' என்றால் வெறும் பயணம்தான். மாமனார் வீட்டுக்குப் பஸ்ஸில் போவதும் அங்கே சஃபாரி. 'சஃபாரி ஞ்ஜேமா' என்று வழியனுப்புவார்கள். நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று அர்த்தம். அந்த மொழிக்கு இது அரபியின் 'சஃபர்' என்பதிலிருந்து போனது. இந்தியில் பயணத்துக்குச் சஃபர், பயணிக்கு முசாஃபிர் என்பதெல்லாம் ஒரே குடும்பம். (இஸ்லாமிய மாதப் பெயரான சபர் வேறு சொல், அரபியில் முதல் எழுத்தே வேறு. தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.)

கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போன ஆங்கிலேயர்கள் 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போனது சுமையாட்களோடு, துப்பாக்கியோடு. ஆகவே வேட்டைப் பயணம் என்ற பொருள் ஏறியது. வேட்டை நின்ற பிறகு துப்பாக்கி இருந்த இடத்தில் கேமரா வந்து, இன்று காட்டு விலங்கைப் பார்க்க வண்டியில் சுற்றுவதற்குப் பெயராகிவிட்டது.

தமிழில் 'கானுலா' என்ற சொல் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. கான் என்றால் காடு. கானுயிர் போலக் கானுலா. 'வனச் சுற்றுலா' என்றால் மரவீட்டில் தங்குவதும் அருவியில் குளிப்பதும்கூட அடங்கும். வண்டியில் ஏறி, வழிகாட்டியோடு, குறித்த தடத்தில் போய்த் திரும்புவதற்குக் கானுலாதான் கச்சிதம். டாப்சிலிப்பிலும் முதுமலையின் தெப்பக்காட்டிலும் நடப்பது அதுவே. வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்பதுதான் அதன் முதல் விதி. அதனாலேயே அதைச் சாகசம் என்று விளம்பரப்படுத்துவது சிரிப்புக்குரியது.

விலங்கு தெரிய வேண்டும் என்பவர்களுக்கு: வேன் காலையில் போகும் முதல் நடையும் மாலையில் போகும் கடைசி நடையும் நல்லது. வெயில் ஏறினால் மான்கூட நிழலுக்குள் போய்விடும். செண்ட் பூசாதீர்கள், பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் உடுத்தாதீர்கள், செல்போன் மணியை அடைத்துவையுங்கள். பெரும்பாலும் ஆட்டத்தைக் கெடுப்பது வேனுக்குள் எழும் "அதோ! அதோ!" கூச்சல்தான்.

● "பழைய தமிழில் சாகசப் பயணத்துக்குத் தனிச் சொல் இருந்ததா?" – தமிழாசிரியர், தாராபுரம்

பயணம், பிரயாணம், யாத்திரை மூன்றும் வடமொழி வழி வந்தவை. நம்முடைய பழஞ்சொல் 'செலவு'. செல் என்பதிலிருந்து வந்தது. போதல் என்று பொருள். பொருள் தேடக் கிளம்பிய தலைவன், தலைவியின் முகம் பார்த்துப் புறப்பாட்டைத் தள்ளிவைப்பதைச் 'செலவழுங்கல்' என்பார்கள். தொல்காப்பியம் கற்பியலில் அதற்கு விளக்கமே உண்டு: "செலவிடை அழுங்கல் செல்லாமை அன்றே". தள்ளிவைப்பது போகாமல் இருப்பதற்காக அல்ல, அவளைத் தேற்றுவதற்காக என்கிறது.

கையிலிருந்து காசு போவதும் செல்லுதல்தானே; அப்படித்தான் இன்றைய செலவு வந்தது. கொங்கு நாட்டில் அது இன்னும் ஒரு படி போய், கடையிலிருந்து வாங்கும் மளிகை மசாலாவுக்கே செலவு என்று பெயராகிவிட்டது. மல்லி, மிளகு, சீரகம் எல்லாம் அரைத்து வைக்கும் செலவு ரசம் உங்கள் தாராபுரத்திலும் மணக்கும். ஆக, 'செலவு' என்று இன்று பயணத்தைக் குறித்து எழுதினால் ஒருவருக்கும் விளங்காது. 'வழிச்செலவு' என்றாலும் பஸ் காசு என்றே நினைப்பார்கள்.

அபாயமான பயணத்தை முன்னோர் பெயரடை போட்டுச் சொல்லவில்லை. போகும் இடத்தைச் சொன்னார்கள்: 'சுரம் கடந்தான்' என்றால் போதும். சுரம் என்பது நீரற்ற, வழிப்பறி செய்யும் ஆறலைக் கள்வர் நடமாடும் வறண்ட வழி. எதற்காகப் போகிறார்கள் என்பதையும் பெயரில் வைத்தார்கள். பெற்றோர் அறியாமல் காதலனோடு கிளம்பினால் உடன்போக்கு. பரிசில் பெற்றவன் இன்னொருவனுக்கு வழி சொன்னால் ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி.

ஆற்றுப்படைகளில் மலைபடுகடாத்தை ஒரு மலைவழிக் கையேடாகவே படிக்கலாம். செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கான 583 அடிகள் கொண்ட பாட்டு அது. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் வழியில் இருக்கும், ஆகவே இருட்டில் நடக்காமல் விடிந்த பின் போங்கள் என்கிறது. பள்ளங்களில் பாம்பு கிடக்கும், பார்த்துப் போங்கள் என்கிறது. தினைப்புனக் காவலர் யானையை விரட்டக் கவணில் எறியும் கல் உங்கள் மேல் விழலாம் என்கிறது. நுண்ணிய பாசி படர்ந்த வழுக்குமிடத்தில் பக்கத்துச் சிறு மூங்கிலையும் கோரைத் தண்டையும் பிடித்துக்கொண்டு கடக்கச் சொல்கிறது. பொறிக்குப் பதில் மின்வேலி என்று மாற்றிக்கொண்டால் இன்றைய மலையடிவாரத்துக்கும் அப்படியே பொருந்தும்.

● "எக்ஸ்பெடிஷனுக்குச் 'சாகசப் பயணம்' என்றே பாடநூல் வழிகாட்டியில் போட்டிருக்கிறது. ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறியது சாகசமா, ஆய்வுப் பயணமா?" – வாசகி, மேட்டுப்பாளையம்

எக்ஸ்பெடிஷன் என்பதில் மூன்று இருக்க வேண்டும்: ஒரு குறிக்கோள், அதற்கென்று சேர்த்த குழு, அந்தக் குழுவைத் தாங்கும் சாமான்கள். ஆள் ஒருவராக, மனம் போன போக்கில் போவது எக்ஸ்பெடிஷன் ஆகாது. தமிழில் இடத்துக்குத் தக்கபடி பிரிக்க வேண்டும். அறிவியலுக்காக என்றால் ஆய்வுப் பயணம்: இந்தியாவின் முதல் அண்டார்க்டிகா ஆய்வுப் பயணம் 1981–82. சிகரம் ஏறுவதற்கு என்றால் மலையேற்றக் குழு: 'எவரெஸ்ட் மலையேற்றக் குழு'. படையோடு போனால் படையெடுப்பு.

சல்லிவன் அப்போது கோவை கலெக்டர். 1819 ஜனவரியில் சிறுமுகைப் பக்கமிருந்து ஆட்களோடு ஏறிக் கோத்தகிரிப் பகுதியை அடைந்தார். ஆங்கிலேயரில்கூட அவர் முதல்வர் அல்ல. அதற்கு முந்தின ஆண்டு விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரு உதவி அதிகாரிகள் ஏறியிருந்தார்கள். அதற்கும் வெகு முன்பு, 1603இல், ஃபினிசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் மலையாளக் கரையிலிருந்து வந்து படகர்களையும் தோடர்களையும் பார்த்து எழுதிவைத்தார். ஆகவே 'கண்டுபிடித்தார்' என்று எழுதாதீர்கள். அந்தப் படகர்களும் தோடர்களும் அங்கேயேதான் இருந்தார்கள். சல்லிவனுடையது ஆய்வுப் பயணம். தேர்வில் அப்படியே எழுதலாம்.

● "ட்ரெக்கிங் என்று வாட்ஸ்அப்பில் அழைக்கிறார்கள், ஆனால் போனால் என்ன எதிர்பார்ப்பது என்றே தெரிவதில்லை. மலையேற்றம் என்றாலும் ட்ரெக்கிங் என்றாலும் ஒன்றா? ஓர் அழைப்பில் என்னென்ன இருக்க வேண்டும்?" – வாசகர், திருப்பூர்

சொல்லை முதலில் முடித்துவிடுவோம். 'ட்ரெக்' தென்னாப்பிரிக்க டச்சுக்காரர்களின் சொல். இழுத்தல் என்று பொருள். மாட்டு வண்டியை இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு இடம்பெயர்வது ட்ரெக். காங்கயம் காளை பூட்டி ஊர்விட்டு ஊர் போனவர்களுக்கு அது புதிதல்ல. இன்று பொருள் சுருங்கி, மேடு பள்ளமான காட்டு வழியில் சுமையோடு பல மணி நேரமோ பல நாளோ நடப்பது என்றாகிவிட்டது. மலையேற்றம் என்றே எழுதலாம். கயிறு, கொக்கி போட்டுப் பாறையில் தொற்றுவது பாறையேற்றம். தட்டையான காட்டுத் தடத்தில் நடப்பதற்கு மலையேற்றம் என்று சொல்லாமல் காட்டுநடை என்பது நேர்மை.

அழைப்பில் கட்டாயம் இருக்க வேண்டியவை தூரமும் ஏற்றமும். தூரத்தை மட்டும் போட்டு ஏற்றத்தை விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. '8 கிலோமீட்டர்' என்றால் ஊருக்குள் ஒரு சுற்றுப் போய்வருவது போலத் தோன்றும். அதில் 600 மீட்டர் ஏற்றம் என்றால் கதையே வேறு. இதற்கு ஸ்காட்லாந்துக்காரரான நெய்ஸ்மித் 1892இல் ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அதன்படி 8 கிலோமீட்டரும் 600 மீட்டர் ஏற்றமும் 2 மணி 36 நிமிடம். அது குளிர்நாட்டில், பழகிய கால்களுக்கு. நம் வெயிலுக்கும், புதியவர்கள் உள்ள குழுவுக்கும், ஓய்வுக்கும் பாதி சேருங்கள். 4 மணி என்று போடுங்கள். குழுவின் வேகம் என்பது அதில் மெதுவாக நடப்பவரின் வேகம். அவரை முன்னால் விட வேண்டும், பின்னால் விட்டால் அவருக்கு ஓய்வே கிடைக்காது: அவர் வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அடுத்தது திரும்பும் நேரம். உச்சியை எட்டினாலும் எட்டாவிட்டாலும் இந்த மணிக்குத் திரும்புவோம் என்று கிளம்பும்போதே அறிவிக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் சூரியன் மறைவதற்கு முன்பே நிழல் விழுந்துவிடும். மரத்தடியில் மாலை 5.30க்கே கல் எது வேர் எது என்று தெரியாது. வழி தவறுவதும் கால் பிசகுவதும் பெரும்பாலும் இறக்கத்தில்தான், அதுவும் இருட்டுக்கு ஓடும்போது. ஏறும்போது பின்னால் திரும்பி அடிக்கடி பாருங்கள். தடம் பிரியும் இடம் திரும்பி வரும்போது வேறு மாதிரி இருக்கும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு வைக்கலாம். வெயில் நாளில் முக்கால். நான்கு மணி ஏற்றம், மூன்று மணி இறக்கம் என்றால் மூன்றரை லிட்டர். வழியில் சுனை உண்டு என்று பாதியோடு கிளம்புவது பங்குனி சித்திரையில் செல்லாது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு குறைந்து கெண்டைக்கால் சதை இழுக்கும். உப்புச் சர்க்கரைக் கரைசலை வீட்டிலேயே கலக்கலாம்: ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பை அதிகமாக்கினால் தாகம்தான் ஏறும்.

ஊன்றுகோல் இடுப்புக்குச் சற்று மேலே, முழங்கை மடங்கிச் செங்கோணமாக நிற்கும் உயரத்தில் இருக்கட்டும். வெள்ளியங்கிரி அடிவாரத்துப் பூண்டியில் விற்கும் மூங்கில் தடி போதும். கணு நெருக்கமாக உள்ளதாகப் பார்த்து எடுங்கள், வெடிப்பு இருக்கிறதா என்று தரையில் தட்டிப் பாருங்கள். இறங்கும்போது முதலில் கோல், பிறகு கால். காலை வைத்தபின் கோலை ஊன்றுவதால் முழங்காலுக்கு ஒரு பயனும் இல்லை.

அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காதீர்கள். வாய்ப்பக்கம் நகத்தை வைத்து வழித்தால் விட்டுவிடும். அட்டை ஊட்டும் சுரப்பால் இரத்தம் சிறிது நேரம் உறையாது. துணி வைத்து அழுத்திப் பிடிக்கலாம், பயப்பட வேண்டாம்.

இதையெல்லாம்விட முக்கியம் அனுமதி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்கள் சென்னையிலிருந்தும், ஈரோடு திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் போனவர்கள். காய்ந்த புல் மூடிய சரிவு அது. தீ மேல்நோக்கி ஏறும்போது தன் வெக்கையாலேயே மேலே உள்ள புல்லைக் காயவைத்துக்கொண்டு போகிறது. சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். மனிதன் மேட்டில் ஓடி அதை முந்த முடியாது. பக்கவாட்டில், ஏற்கெனவே எரிந்து அணைந்த இடத்துக்கோ பாறைத் திட்டுக்கோ விலகுவதுதான் வழி. அதன்பிறகு அரசு மலையேற்றத்துக்கெனத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 தடங்களை எளிது, மிதம், கடினம் என்று மூன்றாக வகுத்து, வழிகாட்டியோடு இணையத்தில் முன்பதிவு செய்யும் திட்டமும் வந்தது. கோடையில் தீ அபாயம் உள்ளபோது தடங்களை மூடுவார்கள். மூடியிருக்கும்போது "உள்ளூர் ஆள் தெரியும், கூட்டிட்டுப் போயிருவார்" என்று வரும் அழைப்பு ட்ரெக்கிங்கும் அல்ல, மலையேற்றமும் அல்ல. வனச் சட்டத்தில் அதற்கு வேறு பெயர்: அத்துமீறல்.

● "பழனிக்கு நடந்து போறதை 'நடைப்பயணம்'னு எழுதலாமா, பாதயாத்திரைதானா? எங்க அப்பாருக்குச் சர்க்கரை இருக்குது, இந்தப் பங்குனிக்குத் தீர்த்தக் காவடி எடுக்கறேங்கறார். கால் கொப்புளத்துக்கு என்ன பண்ணலாங்க?" – வாசகி, கொடுமுடி

கோயிலுக்கு என்றால் பாதயாத்திரை. நடைப்பயணம் பொதுச்சொல், அரசியல் கட்சிக்காரர் நடப்பதற்கும் ஆகும். பழைய யாத்திரைக்காரர்களுக்கு வழியெல்லாம் பாடிப்போக 'வழிநடைச் சிந்து' என்று ஒரு பாட்டு வகையே இருந்தது. 'வழிநடை' அழகான சொல். புழக்கத்துக்கு மீண்டும் வந்தால் நன்று.

அப்பாருவின் பாதம்தான் முதல் கவலை. சர்க்கரை நாட்பட்டவருக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கும். முள் ஏறினாலும் தார் சுட்டாலும் தெரியாது. கிளம்புமுன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். அவர் சரி என்றால்கூட வெறுங்கால் வேண்டாம். ஏற்கெனவே போட்டுப் பழகிய செருப்போ ஷூவோ போதும். புதிது வாங்கி அதோடு கிளம்புவதுதான் கொப்புளத்துக்குப் பாதிக் காரணம். வியர்வை ஈரமும் உரசலும் சேரும்போது மேல்தோலின் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்று நீர் கோக்கிறது. ஆகவே இரண்டு ஜோடிக் காலுறை வைத்துக்கொண்டு, ஈரமானதும் மாற்றவேண்டும்.

ஓர் இடம் சூடாக, எரிச்சலாகத் தெரிந்த உடனே நின்று பிளாஸ்டர் ஒட்டிவிட வேண்டும். 'அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்' என்பதற்குள் கொப்புளம் வந்துவிடும். சிறிய கொப்புளத்தை உடைக்கக்கூடாது. தோல்தான் அதற்குக் கட்டு. பெரிதாகி நடக்க முடியாவிட்டால், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்துவிட்டு, தோலை உரிக்காமல் அப்படியே மூடிக் கட்டலாம். அப்பாருக்கு இந்தக் கைவைத்தியம் செய்யாதீர்கள். வழியில் இருக்கும் மருத்துவ முகாமுக்குக் கூட்டிப் போங்கள். தினமும் படுக்குமுன் அவர் இரு பாதத்தையும் விரல் இடுக்கையும் வேறொருவர் விளக்கு வைத்துப் பார்க்கட்டும்.

விடிகாலை 3 மணிக்குக் கிளம்பி 9 மணிக்கு நிறுத்துங்கள், பிறகு மாலை 4.30க்கு மேல். இருட்டில் சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். இடப்பக்கம் நடப்பவருக்குப் பின்னால் வருவது தெரியாது. பச்சை வேட்டியும் காவி வேட்டியும் இரவில் கறுப்புதான். தோள்பையின் பின்புறம் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள், கடைசி ஆளின் கையில் டார்ச் இருக்கட்டும்.

● "கட்டுச்சோறுக்குச் சங்கத் தமிழில் பெயர் உண்டா? நாங்கள் கட்டிப்போகும் புளிச்சோறு மத்தியானத்துக்குள் ஊசிப்போகிறதே, ஏன்?" – வாசகி, பெருந்துறை

'ஆற்றுணா' என்பது அழகான பெயர், வழிக்கான உணவு. சங்க காலத்துக்குப் பிந்திய பழமொழி நானூற்றில், கற்றவருக்கு எந்த நாடும் வேற்றுநாடு ஆகாது, ஆகவே "ஆற்றுணா வேண்டுவது இல்" என்று வருகிறது. (நம் பக்கம் கட்டுச்சோறு என்றால் கர்ப்பிணிப் பெண்ணுக்குச் செய்யும் விருந்தும் நினைவுக்கு வரும், அழைப்பிதழில் அச்சடிப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.)

சோறு ஊசிப்போவது புளியால் அல்ல, ஆவியால். சூடாகக் கட்டினால் உள்ளே நீர் கோத்து, அந்த ஈரத்தில் கெடுகிறது. உதிரியாக வடித்துத் தட்டில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, கை பொறுக்கும் சூடும் போக ஆறவிடுங்கள். புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை சுண்டவிட வேண்டும். தண்ணீர் மிச்சமிருந்தால் அதுதான் முதலில் கெடும். தேங்காய், வெங்காயம் வேண்டாம். வாழையிலையைத் தணலில் வாட்டி, ஈரம் துடைத்துக் கட்டுங்கள். வாட்டாத இலை மடிப்பில் கிழியும். வாழைப்பழமும் கடலை மிட்டாயும் தனிப் பையில். காட்டு வழியில் மிச்சச் சோற்றைக் கொட்டாதீர்கள்; இன்றைக்குக் கொட்டுகிற இடத்தில் நாளைக்குப் பன்றியும் கரடியும் ஆளை எதிர்பார்த்து நிற்கும்.

● "ஒடிஸி என்றாலும் சாகசப் பயணம்தானே?" – வாசகர், வெள்ளக்கோவில்

இல்லை. கிரேக்க வீரன் ஒடிசியஸ் பத்தாண்டுப் போருக்குப் பிறகு வீடு திரும்பவே பத்தாண்டு அலைந்தான். அந்தக் காவியத்தின் பெயரே ஒடிஸி. அதனால் நீண்ட, தடங்கல் நிறைந்த அலைச்சலுக்கு அது பெயரானது. அவன் சாகசம் தேடிப் போகவில்லை, வீட்டுக்குப் போக வழி தேடினான். தமிழில் 'நெடும்பயணம்' என்றோ, சலிப்புத் தொனி வேண்டும் என்றால் 'நெடிய அலைச்சல்' என்றோ எழுதலாம். ஒடிசா மாநிலத்து நடனம் 'ஒடிசி'. அதற்கு ஸகரம் போடாதீர்கள்.